இரண்டு வாரத்துக்கு முன்பு

நான் கேட்பது இன்றைய உங்களைப் பற்றி இல்லை.
இன்று எல்லோரும்தான் படுத்திருக்கிறார்கள்.
காய்ச்சல் எந்தப் பயில்வானையும்
நாலு சக்கரக் கட்டிலில் மடித்துப் போடும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு
எப்படி இருந்தீர்கள், ஐயா?

யீஷூன். அதிகாலை மூன்று பத்து.
பதினேழாம் திரைக்குள் பொன்னுரங்கம்,
எண்பத்தொன்று,
சிறுநீரில் தொற்று, நாக்கில் வறட்சி.
என் கையில் ஒரு தாள். அதில் ஒன்பது குட்டி மனிதர்கள்.
முதலாமவன் ஓடுகிறான்.
போகப் போகக் கைத்தடி, உருளைச்சட்டம், சக்கர நாற்காலி.
எட்டாமவன் எழுந்திருப்பதே இல்லை.
இவர்களில் நீங்கள் யார் என்று கண்டுபிடிக்க
எனக்கு எட்டு நிமிடம்.

"நல்லாத்தான் இருந்தேன் மிஸ்ஸி.
காலையில நானே எறங்கிக் கோப்பிக் கடைக்குப் போவேன்."

எவ்வளவு தூரம்?

"பதினோரு தூணு."

தூணைப் பிடிக்காமல் நடப்பவருக்கு
புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண் எத்தனை என்று தெரியாது.
குறித்துக்கொண்டேன்,
படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவராம், முப்பத்தொரு வருடம்.
நாற்பது டன் பெட்டியை
முட்டைபோல இறக்கி வைத்த விரல்கள்.
என் இரண்டு விரலை நீட்டி
அழுத்துங்கள் என்றேன்.
கைகுலுக்குகிறேன் என்று நினைத்து
மறுபடி தன் பெயரைச் சொன்னார்.

மகள் உமையாள் வந்தாள்,
விமான நிலைய இரவு வேலைச் சீருடையோடு.
"அப்பாவுக்கு யார் உதவியும் வேண்டாம்.
குளிக்கிறது, உடுத்திக்கிறது, எல்லாம் அவரே."
மதிப்பெண் அட்டையை நீட்டுவதுபோல் ஒரு பெருமை.
நாலு என்று பென்சிலில் போட்டேன்.

நீலார் ஒன்றும் சொல்லவில்லை.
மியன்மாரிலிருந்து வந்து மூன்று வருடம்.
தலைமாட்டில் நின்று
அவருடைய ஒற்றைச் செருப்பைப் பைக்குள் திணித்தாள்.
இன்னொன்று ஆம்புலன்ஸோடு போயிருக்கும்.

பதிவு முகப்பில் மகளைக் கூப்பிட்டார்கள்.
எனக்கு இசிஜி எடுக்க வேண்டும்.
மேல் பொத்தானில்தான் விரலை வைத்தேன்.
பொத்தான் கழலவில்லை.
சட்டை பிரிந்தது,
சர்ரென்று,
இரத்த அழுத்தப் பட்டை பிரிகிற அதே ஓசை.

ஆறு பொத்தான்கள். ஆறும் சும்மா.
துணிமேல் தைத்து நிறுத்தியவை.
அடியில் ஒட்டுப்பட்டை,
நூல் வெளியே தெரியாத தையல்.

நீலாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.
அவர் கூரையைப் பார்த்தார்,
மேலே ஏதோ பெட்டி தொங்குவதுபோல்.

"ரெண்டு மாசமா" என்றார் கூரையிடம்.
"பொண்ணுக்குத் தெரியாது."

நாலை அழித்தேன். ஆறு போட்டேன்.

இந்த எண் என்ன செய்யும் என்று தெரியும்.
நடைபாதைக் கட்டிலில் காத்துக் கிடக்க விடாது.
விடிந்ததும் இயன்மருத்துவரை வரவழைக்கும்.
தனியாகக் கழிப்பறைக்கு விடாதே என்று
மஞ்சள் அட்டை ஒன்று தொங்கும்.
மகளிடம் யாராவது, பகலில்,
நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவார்கள்.

என்ன செய்யாது என்றும் தெரியும்.

ஒட்டிய கம்பிகளை உரித்தேன்.
மார்பு முடி நாலைந்து கூடவே வந்தது. அவர் முனகவில்லை.
சட்டையைச் சேர்த்து அழுத்தினேன்.
மூன்றாம் பொத்தான் கோணலாக இருந்தது.
நீலார் குனிந்து
அதை மட்டும் நேராக்கினாள்.

உமையாள் திரும்பி வந்தாள்.
"எவ்வளவு போட்டீங்க?"
ஆறு.
"பத்துக்கா?"
ஒன்பதுக்கு.
"அட, பரவாயில்லையே" என்று
அப்பாவின் தோளைத் தட்டினாள்.
அவரும் தலையாட்டினார், பாஸான பையனாட்டம்.

மூன்று இருபத்தொன்பது.
பதினெட்டாம் திரைக்குள் யாரோ வாந்தி எடுக்கிறார்கள்.
நாற்காலி ஒன்றை
இழுத்துப் போட்டேன்.